கடிதப் பக்கத்தில் வளர்ந்த கதைகள்

அறிவியல் புனைகதை, மாயக்கதை, துப்பறியும் நாவல், சித்திரக்கதை ஆகியவற்றை அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் விமர்சகர்கள் நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. துப்பறியும் நாவலுக்கு மட்டும் நாளேடுகளின் மதிப்புரைப் பக்கத்தில் ஓர் ஓரம் கிடைத்தது. மற்றவை சாணித்தாள் பத்திரிகைகளில் வந்து, படித்து முடித்ததும் பழைய பேப்பர் கட்டில் சேர்ந்தன. எது நல்ல கதை, எது மட்டம் என்று தரம் பிரிக்கும் வேலை அதனால் வாசகர்கள் கையில் விழுந்தது. பத்திரிகையின் கடைசிப் பக்கங்களில் வந்த கடிதங்களில்தான் அவர்கள் அதைச் செய்தனர்.

வாசகரின் கோபம் ஆசிரியரை எட்டும் என்பதை முதலில் உணர்த்தியது துப்பறியும் கதைதான். 1893 டிசம்பரில் லண்டன் 'ஸ்ட்ராண்ட்' இதழில் ஷெர்லாக் ஹோம்ஸை ஆர்தர் கோனன் டாயில் சுவிட்சர்லாந்தின் அருவி ஒன்றில் தள்ளிக் கொன்றபோது, கண்டனக் கடிதங்கள் குவிந்தன. சந்தாதாரர் பலர் இதழை நிறுத்தினர். 1901-இல் ஹோம்ஸ் மரணத்துக்கு முன் நடந்ததாக ஒரு நாவல் தொடராக வந்தது. 1903-இல் ஹோம்ஸ் உயிரோடு திரும்பினார். 1932-இல், கதையில் ஹோம்ஸின் வீடு இருந்த பேக்கர் தெருவில், அவர் வீட்டு எண்ணான 221-ஐயும் உள்ளடக்கிய கட்டடத்துக்கு ஒரு வீட்டுக்கடன் நிறுவனம் குடிபோனது. ஹோம்ஸ் பெயருக்கு வந்த கடிதங்களுக்குப் பதில் எழுதவே அது ஒரு செயலாளரை அமர்த்த நேர்ந்தது. ஆனால் இந்த வாசகர்கள் ஆசிரியருக்கோ கதாபாத்திரத்துக்கோ எழுதினார்களே தவிர, தங்களுக்குள் எழுதிக்கொள்ள வழி இருக்கவில்லை.

அந்த வழி அமெரிக்க மலிவுப் பத்திரிகைகளில் திறந்தது. 'ஆர்கோசி' இதழில் பிரெட் ஜாக்சன் என்பவர் எழுதிய காதல் கதைகள் தாங்க முடியாதவை என்று 1913-இல் ஓர் இளைஞர் கடிதம் எழுதினார். ஜாக்சனின் ரசிகர்கள் சீறினர். இரு தரப்பும் செய்யுளில் ஏசிக்கொள்ளும் அளவுக்குச் சண்டை மாதக்கணக்கில் நீண்டது. அதைக் கவனித்த அமெச்சூர் பத்திரிகையாளர் சங்கம் ஒன்று அந்த இளைஞரை உறுப்பினராக அழைத்தது. வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த அவர் 1914-இல் சங்கத்தில் சேர்ந்து, அதன் ஊக்கத்தில் மீண்டும் கதை எழுதத் தொடங்கினார். அவர்தான் திகில் கதையின் போக்கையே மாற்றிய எச். பி. லவ்கிராப்ட். 1923-இல் தொடங்கிய 'வியர்ட் டேல்ஸ்' மாத இதழும் வாசகர் கடிதங்களுக்கு நிரந்தரப் பகுதி ஒதுக்கியது. லவ்கிராப்டின் கதைகளும், ராபர்ட் ஈ. ஹோவர்டின் கோனன் என்ற வாள்வீரனைப் பற்றிய கதைகளும் அதன் வாசகர்களிடம்தான் முதலில் தேர்வு எழுதின.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றத்தைச் செய்தவர் ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக். வானொலிக் கருவி விற்பனையும் மின்னியல் பத்திரிகைகளும் அவர் தொழில். 1926 ஏப்ரலில் அறிவியல் புனைகதைக்கென்றே 'அமேஸிங் ஸ்டோரிஸ்' இதழைத் தொடங்கினார். விரைவிலேயே அதில் கடிதப் பகுதி வந்தது. கடிதம் எழுதியவரின் பெயரோடு தெருவும் கதவு எண்ணும் சேர்த்து முழு முகவரி அச்சானதுதான் அதில் முக்கியமான விஷயம். தன் ஊரில் யாருமே தொடாத கதைகளைப் படித்துவந்த பையனுக்கு, அதே கதைகளைப் படிக்கும் இன்னொருவர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்று தெரியவந்தது. ஆசிரியருக்குப் போன கடிதங்கள் வாசகரிடமிருந்து வாசகருக்குப் போகத் தொடங்கின. பிறகு சங்கங்கள் முளைத்தன. 1930 மே மாதம் சிகாகோவில் 'தி காமெட்' என்ற சிறுபத்திரிகை வந்தது. அறிவியல் புனைகதை ரசிகர்களே நடத்திய முதல் இதழ் அதுதான்.

கிளீவ்லாண்டு நகரப் பள்ளி மாணவர் ஜெர்ரி சீகலும் அப்படி ஒரு கையச்சு இதழ் நடத்தினார். நண்பர் ஜோ ஷூஸ்டர் படம் போட, 1933 ஜனவரியில் அதில் 'சூப்பர்மேன்' என்ற பெயருடைய கொடியவன் ஒருவன் வந்தான். அந்தப் பெயரை நல்லவன் ஒருவனுக்கு மாற்றிக் கொடுத்து இருவரும் பல ஆண்டுகள் பதிப்பாளர்களைத் தேடி அலைந்தனர். 1938-இல் 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் அது வெளியானது. அமெரிக்கச் சித்திரக்கதைத் தொழில் எழுந்து நின்றது இந்தக் கதையின் தோள்மேல் என்றால் மிகையில்லை. அதன் வேர், அறிவியல் புனைகதை வாசகர்களின் கடிதப் பக்கத்தில் இருக்கிறது.

1930-களில் 'அஸ்டவுண்டிங்' இதழின் கடிதப் பகுதி அறிவியல் புனைகதைத் துறையின் பட்டிமன்ற மேடையானது. கதையில் வரும் ராக்கெட்டின் வேகம் இயற்பியலுக்கு ஒத்துவருமா என்று கணக்குப் போட்டு எழுதியவர்கள் உண்டு. கதையில் பெண்கள் வேண்டுமா என்ற விவாதமும் நடந்தது. பதின்வயது ஐசக் அசிமோவ், காதல் வந்தாலே அறிவியல் கெடுகிறது, பெண் பாத்திரங்களைக் குறையுங்கள் என்று 1938-இல் அடுத்தடுத்து எழுதினார். பெண் வாசகர் ஒருவர் சளைக்காமல் மறுத்தார். அந்த வாக்குவாதம் இன்று படித்தாலும் பழசாகத் தெரிவதில்லை. ஆண்களே படிக்கும் துறை இது என்ற பேச்சுக்கு, பெண்களின் பெயரோடு அச்சான அந்தக் கடிதங்களே மறுப்பு.

அந்த இதழின் ஆசிரியர் ஜான் டபிள்யூ. கேம்ப்பெல் வாசகர் கருத்தைக் கணக்காகவே மாற்றினார். ஒவ்வொரு இதழின் கதைகளையும் வாசகர்கள் வரிசைப்படுத்தி அனுப்ப வேண்டும்; முதலிடத்துக்கு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு என்று எண் கொடுத்துச் சராசரி எடுப்பார்கள்; குறைந்த எண் பெற்ற கதை வெற்றி. 1938 முதல் இந்தப் பட்டியல் வெளிவந்தது. எழுத்தாளர்கள் அதைப் பரீட்சை முடிவுபோலக் காத்திருந்து பார்த்தனர்.

கேம்ப்பெலுக்கும் வாசகர்களுக்கும் இருந்த நெருக்கத்துக்கு 1948 நவம்பர் இதழ் சான்று. வாசகர் ஒருவர் 1949 நவம்பர் இதழைப் படித்துவிட்டதாகப் பாவித்து, இன்னும் எழுதப்படாத கதைகளைத் தலைப்பும் ஆசிரியர் பெயருமாகப் பாராட்டியும் குறைசொல்லியும் எழுதியிருந்தார். கேம்ப்பெல் அதை அச்சிட்டதோடு நிற்கவில்லை. அதில் சொல்லப்பட்ட எழுத்தாளர்களிடம் பேசி, அந்தத் தலைப்புகளில் கதை வாங்கினார். ஓராண்டு கழித்து ராபர்ட் ஹைன்லைன், தியடோர் ஸ்டர்ஜன், வான் வோக்ட் முதலியோரின் கதைகளோடு அந்த இதழ் பெரும்பாலும் வாசகர் சொன்னபடியே வெளியாயிற்று. வாசகர் கருத்து கதைக்கு முந்திவிட்ட இப்படியொரு நிகழ்ச்சி வேறு எந்த இலக்கியத் துறையிலும் காணக்கிடைப்பது அரிது.

கடித நட்பு நேரில் சந்திக்கவும் தூண்டியது. 1937 ஜனவரியில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஒரு சிறு கூட்டம் நடந்தது. இளைஞர் ஆர்தர் சி. கிளார்க் அதில் இருந்தார். 1939 ஜூலையில் நியூயார்க்கில் முதல் உலக அறிவியல் புனைகதை மாநாடு கூடியது. சுமார் இருநூறு பேர் வந்தனர். லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து பஸ்ஸிலேயே வந்து சேர்ந்தார் ரே பிராட்பரி. ரசிகர் கோஷ்டிப் பூசலில் ஆறு பேரை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். பிரெடரிக் போல், டொனால்ட் வோல்ஹெய்ம் உள்ளிட்ட அவர்களில் பலர் பின்னாளில் துறையின் முன்னணி எழுத்தாளர்களும் பதிப்பாசிரியர்களும் ஆனது, வாசகருக்கும் படைப்பாளிக்கும் இடையில் சுவரே இல்லை என்பதைக் காட்டுகிறது. 1953-இல் பிலடெல்பியா மாநாட்டில் கெர்ன்ஸ்பேக் பெயரால் ஹ்யூகோ விருது தொடங்கியது. நடுவர் குழு கிடையாது. மாநாட்டு உறுப்பினர்களே வாக்களிப்பார்கள். முதல் நாவல் விருது ஆல்பிரட் பெஸ்டரின் 'தி டெமாலிஷ்டு மேன்' பெற்றது. மனதில் உள்ளதைப் படிக்கத் தெரிந்த போலீஸார் இருக்கும் உலகில் ஒருவன் கொலை செய்துவிட்டுத் தப்ப முயல்வதுதான் கதை.

மாயக்கதையில் வாசகர் வலிமை தெரிந்தது 1965-இல். அதே வோல்ஹெய்ம் பணியாற்றிய ஏஸ் புக்ஸ், காப்புரிமையில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தி ஜே. ஆர். ஆர். டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலை அவர் அனுமதியின்றி மலிவு விலையில் அச்சிட்டது. டோல்கீன் வழக்குப் போடவில்லை. அமெரிக்க வாசகர்களுக்கு எழுதிய பதில் கடிதங்களில் எல்லாம், அது தன் ஒப்புதல் பெறாத பதிப்பு என்ற குறிப்பைச் சேர்த்தார். செய்தி பரவியது, எதிர்ப்பு வலுத்தது. பதிப்பகம் உரிமைத்தொகை கொடுத்து, மறு அச்சு போடுவதில்லை என்றும் ஒப்புக்கொண்டது.

சித்திரக்கதையில் முகவரி அச்சிடும் வழக்கத்தைக் கொண்டுவந்தவர் டிசி நிறுவன ஆசிரியர் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ். அவரே 1932-இல் அறிவியல் புனைகதை ரசிகர் இதழ் நடத்தியவர். அந்த அனுபவத்தில்தான் 1961-இல் கடிதம் எழுதுவோரின் முழு முகவரியைப் போடத் தொடங்கினார். அதே ஆண்டு ஜெர்ரி பெய்ல்ஸ் 'ஆல்டர் ஈகோ' ரசிகர் இதழைத் தொடங்கினார். அவருக்குத் துணைநின்ற பள்ளி ஆசிரியர் ராய் தாமஸ் 1965-இல் மார்வெல் சித்திரக்கதை நிறுவனத்தில் சேர்ந்து, 1972-இல் ஸ்டான் லீக்கு அடுத்த தலைமை ஆசிரியரானார். 1963 நவம்பரில் மார்வெலின் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' இருபதாம் இதழில் நியூஜெர்ஸியின் பேயோன் ஊரிலிருந்து பதினைந்து வயதுச் சிறுவனின் பாராட்டுக் கடிதம் வந்தது. முகவரி அச்சானதும் ரசிகர் இதழ்கள் அவனைத் தேடி வந்தன. அவற்றுக்கு எழுதித்தான் அவன் கதை பழகினான். 'எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்' எழுதிய ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் அந்தச் சிறுவன்.

துப்பறியும் நாவல் வாசகர்கள் அறிவியல் புனைகதைக்காரர்களின் மாநாட்டு முறையைத் தாமதமாகவே எடுத்துக்கொண்டனர். இரு துறைகளுக்கும் பாலமாக இருந்தவர் நியூயார்க் டைம்ஸின் துப்பறியும் நாவல் மதிப்புரையாளரும், மாயக்கதை இதழ் ஒன்றைத் தொடங்கியவர்களில் ஒருவருமான ஆண்டனி பௌச்சர். அவர் மறைந்தபின் 1970-இல் கலிபோர்னியாவில் அவர் பெயரால் பௌச்சர்கான் மாநாடு தொடங்கியது. அதே ஆண்டு சித்திரக்கதை ரசிகர்களின் சான் டியாகோ காமிக்-கானும் பிறந்தது.

வாசகர் கருத்தின் எல்லையும் ஒருமுறை வெளிப்பட்டது. டிசியின் பேட்மேன் கதைகளில் பேட்மேனின் துணைவன் ராபினாகப் புதிதாக வந்த ஜேசன் டாட் பாத்திரத்தைப் பலருக்குப் பிடிக்கவில்லை என்று கடிதங்கள் காட்டின. 1988 செப்டம்பரில் டிசி இரண்டு தொலைபேசி எண்களைக் கொடுத்து, அவன் பிழைக்கலாமா சாகலாமா என்று கேட்டது. ஓர் அழைப்புக்கு 50 சென்ட். சாகட்டும் என்று 5,343 அழைப்புகள். பிழைக்கட்டும் என்று 5,271. 72 அழைப்பு வித்தியாசத்தில் ஒரு சிறுவன் கதையில் இறந்தான். நாளேடுகளில் கண்டனம் எழுந்தது. கடிதத்தில் காரணம் சொல்லியாக வேண்டும், அந்தக் காரணத்தை இன்னொருவர் மறுக்கலாம். காசு கொடுத்துத் திருப்பிய எண்ணில் அதற்கெல்லாம் இடமில்லை. இந்த வேறுபாட்டைத் தொலைபேசி வாக்கெடுப்பு மிகத் தெளிவாகக் காட்டிவிட்டது.

அதே 1988-இல் ஆலன் மூரும் டேவ் கிப்பன்ஸும் உருவாக்கிய 'வாட்ச்மென்' சித்திர நாவலுக்கு ஹ்யூகோ வாக்காளர்கள் தனிப் பிரிவில் விருது அளித்தனர். இணையத்தில் வாசகர் பேச்சு இடம்பெயர்ந்தபின், 2002-இல் டிசி தன் இதழ்களின் கடிதப் பக்கங்களை நிறுத்தியது. 2009 முதல் ஹ்யூகோவில் சித்திரக்கதைக்கென்றே ஒரு பிரிவு ஆண்டுதோறும் உண்டு.