ஆல்பா 7: எண் ஒன்று சொல்லும், எழுத்து ஒன்று சொல்லும்



கல்யாண போட்டோ தொழிலில் இறங்கும் நம் பிள்ளைகள் சிலர், "சார், சோனி ஆல்பா 7-இல் எதை வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள். பலரும் கடன் வாங்கித்தான் வாங்குகிறார்கள். அதனால் இந்த வரிசையின் வரலாற்றைத் தெரிந்துகொள்வது நல்லது.

2006-இல் கோனிகா மினோல்டா கேமரா தொழிலை விட்டபோது சோனி அதை ஏற்றது. ஜப்பானில் மினோல்டா கேமராக்களுக்கு இருந்த ஆல்பா என்ற பெயரும் அதோடு வந்தது. 2013 அக்டோபரில் ஆல்பா 7, 7ஆர் இரண்டையும் சோனி ஒன்றாக அறிவித்தது. உள்ளே கண்ணாடி கிடையாது. சென்சாரோ பழைய பிலிம் அளவு, 36-க்கு 24 மி.மீ. சாதா 7-இல் 24.3 மெகாபிக்சல், 7ஆரில் 36.4. அடுத்த ஆண்டு வந்த 7எஸ்ஸில் 12.2 மட்டுமே.

12 என்றால் மட்டம் என்று நினைக்காதீர்கள். ஒரே நிலத்தை 36 மனையாகப் பிரித்தால் மனை சிறியது. 12 ஆகப் பிரித்தால் பெரியது. பெரிய பிக்சல் அதிக வெளிச்சம் வாங்கும். ஆகவே 7எஸ் இருட்டுக்கும் வீடியோவுக்கும், 7ஆர் பெரிதாக அச்சிட, சாதா 7 எல்லா வேலைக்கும்.

எழுத்து வேலையைச் சொல்கிறது. பின்னால் வரும் ரோமன் எண் தலைமுறையைச் சொல்கிறது. 2014-இல் வந்த இரண்டாம் தலைமுறை சாதா 7-இல், கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி உடலுக்குள்ளேயே வந்தது. 2018-இல் வந்த மூன்றாம் தலைமுறையில் மெகாபிக்சல் 24.2 தான், ஏறவே இல்லை. ஆனால் ஒரு சார்ஜில் எடுக்கும் படங்கள், திரையைப் பார்த்து எடுக்கும் நிறுவனக் கணக்குப்படி, 350-இலிருந்து 710 ஆயின. மெமரி கார்டுக்கு ஒரு இடம் இருந்தது இரண்டானது. போகஸ் புள்ளிகள் 117-இலிருந்து 693 ஆயின. 2021-இல் நான்காம் தலைமுறையில்தான் 33 மெகாபிக்சல் வந்தது.

முகூர்த்தம் இரண்டாம் முறை நடக்காது. ஒரு கார்டு கெட்டாலும் இன்னொன்றில் தாலி கட்டும் படம் இருக்க வேண்டும். அதனால் கல்யாண வேலைக்கு 61 மெகாபிக்சல் 7ஆருக்காகக் கடனைக் கூட்ட வேண்டாம். மூன்றாம் தலைமுறை சாதா 7, நல்ல நிலையில் பழையது கிடைத்தாலும் போதும். மிச்சப் பணத்தில் நல்ல லென்ஸ் வாங்குங்கள். 2013 முதல் இன்றுவரை லென்ஸ் பொருத்தும் வளையம் ஒன்றே. நாளை உடலை மாற்றினாலும் லென்ஸ் கூடவே வரும்.

என்ன மாதிரிப் படம் எடுக்கப் போகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். பேசலாம்.