‘கோ’ என்னும் வினையின் வரலாறு

ஆங்கிலத்தில் இறந்தகால வினைகளைப் பயிலும் மாணவன், ‘வாக்’ என்பது ‘வாக்ட்’ ஆவதைக் கண்டு, போதலைக் குறிக்கும் ‘கோ’வுடனும் ‘எட்’ விகுதியைச் சேர்த்து எழுதிவிடுகின்றான். ஆசிரியர் அதனைச் சிவப்பு மையால் அடித்து, ‘வென்ட்’ எனத் திருத்துகின்றார். ஏன் என்று வினவினால், “அது விதிவிலக்கு” என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. அவ்விடையோடு நின்றுவிடின், ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு ஒன்று மறைந்துபோகும்.

கி.பி. 5ஆம் நூற்றாண்டு முதல் பிரிட்டனில் குடியேறிய செருமானிய இனத்தார் பேசிய மொழியினின்று வளர்ந்ததே பழைய ஆங்கிலம். அதில் போதலைக் குறித்த வினை ‘கான்’. அதன் இறந்தகாலமாகிய ‘ஏயொடெ’ வேறொரு வேரினின்று வந்தது. ஆகவே, இவ்வினை அன்றே இரு வேர் கொண்டதாயிருந்தது.

‘வெண்டு’ என்பது மற்றொரு வினை. திருப்புதல் என்பது அதன் முதற்பொருள். பின்னர் வழிச்செல்லுதலையும் குறித்தது. அனுப்புதலைக் குறிக்கும் ‘செண்டு’ இறந்தகாலத்தில் ‘சென்ட்’ ஆவது போல, ‘வெண்டு’ம் ‘வென்ட்’ ஆயிற்று. அக்குடும்பத்தில் அது முறையான வடிவமே. 15ஆம் நூற்றாண்டளவில் ‘ஏயொடெ’யின் வழிவந்த வடிவம் வழக்கொழிய, அதன் இடத்தில் ‘வென்ட்’ அமர்ந்தது. அதனை இழந்த ‘வெண்டு’, ‘வெண்டட்’ என்னும் புது வடிவத்தைப் பெற்று, இன்று அருகியே வழங்குகின்றது. ஸ்காத்லாந்து வழக்கிலோ, அடிச்சொல்லோடு விகுதியே சேர்ந்து இறந்தகாலம் பிறந்தது. மாணவன் பிழையாகச் செய்ததை அங்கு ஒரு மக்கட் கூட்டமே முறையாகச் செய்தது!

பொருளும் விரிந்தது. முன்னாளில் ‘கோ’, குதிரையேறிச் செல்லுதலுக்கு மாறாகக் கால்நடையாகச் செல்லுதலையும் குறித்தது. பின்னர்ப் பொறி இயங்குவதும் உணவு கெடுவதும் அச்சொல்லால் குறிக்கப்பட்டன. ‘கோயிங் டு’ என்னும் தொடர், இடப்பெயர்ச்சியை விட்டு எதிர்காலத்தையும் உணர்த்தலாயிற்று. தமிழும் இவ்வழியில் நடந்ததன்றோ? “பால் கெட்டுப் போயிற்று”, “மழை பெய்யப் போகின்றது” என்னும் தொடர்களில் பாலும் மழையும் எங்கும் நடந்து செல்லவில்லை. உறவற்ற இரு மொழிகள் ஒரே சிந்தனைத் தடத்தில் சென்றமை வியத்தற்குரியது.

விதிவிலக்கு என்பது பெரும்பாலும் மறக்கப்பட்ட வரலாறே. ‘எட்’ சேர்த்த மாணவன் அறிவிலி அல்லன், விதியை உணர்ந்தவன். அவனுக்குத் திருத்தம் வேண்டும். திருத்தத்தோடு வரலாற்றையும் வழங்குவதே நல்லாசிரியர் கடன்.