ஸேயா துறையின் கப்பல் கொட்டகைகள்

கிரேக்கத்தின் பிரேயஸ் துறைமுகத்தில் ஸேயா என்றொரு சிறு விரிகுடா. இன்று அங்கே சொகுசுப் படகுகள் வரிசைகட்டி நிற்கின்றன. படகு பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கும் நான் அங்கே தேடிப் போனது, ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் அடித்தளத்தில் கிடக்கும் பழைய கல் சரிவுகளை.

ஏதென்ஸ்காரர்கள் போர்க்கப்பல்களைக் கரையேற்றி வைத்த கொட்டகைகளின் மிச்சம் அது. ஒவ்வொன்றும் சுமார் 6 மீட்டர் அகலம். நடுவே கடலை நோக்கிச் சரியும் மேடை, இருபுறமும் தூண்வரிசை, மேலே ஓட்டுக்கூரை. கப்பலைத் தண்ணீரிலேயே விட்டால் கப்பற்புழு பலகையைத் துளைத்துவிடும். ஊறிய மரம் கனத்து வேகமும் குறையும். வெயிலில் போட்டாலோ பலகை வெடிக்கும். நிழலில் உலர்த்துவதுதான் மருந்து. படகை ஏற்றிவைக்க இடம் கேட்டு வருகிறவர்களிடம் நானும் முதலில் சொல்வது இதைத்தான்: சரிவைப் பார், கூரையைப் பார், காற்றோட்டத்தைப் பார், வாடகையைப் பிறகு பேசலாம்.

குறைந்தது 1,000 தாலந்து செலவில் எழுப்பிய கொட்டகைகளை, கி.மு. 404இல் ஆட்சியைப் பிடித்த முப்பதுபேர் குழு வெறும் 3 தாலந்துக்கு இடிக்க விற்றதாக ஏதென்ஸின் சொற்பொழிவு ஆசிரியர் ஐசாக்ரட்டீஸ் எழுதுகிறார். படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. ஏதென்ஸ் சளைக்காமல் மறுபடி கட்டியது. கி.மு. 330 வாக்கில் பிரேயஸின் மூன்று துறைகளிலும் சேர்த்து 372 கொட்டகைகள். ஸேயாவில் மட்டும் 196. கி.மு. 86இல் ரோமானியத் தளபதி சுல்லா பிரேயஸுக்குத் தீ வைத்தார். அதன்பின் அவற்றை யாரும் கட்டவில்லை.