முதல் தனிப்பறப்புக் கொண்டாட்டம்

விமானம் ஓட்டப் பழகும் மாணவர் பயிற்றுனரின் துணையின்றித் தனியே எழும்பி, ஓடுபாதையைச் சுற்றி வந்து, தானே தரையிறக்கும் முதற் பறப்பு தனிப்பறப்பு எனப்படும். பயிற்சிப் பள்ளிகளில் எல்லாரும் 'சோலோ' என்றே சொல்வார்கள். ஏறத்தாழ 1,000 அடி உயரம், நான்கு திருப்பங்கள், ஒரு தரையிறக்கம்: பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் எல்லாம் முடிந்துவிடும். அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான் உலகின் விமானப் பள்ளிகள் வாளியில் நீர் நிரப்பி வைக்கின்றன, கத்தரிக்கோல் தேடுகின்றன, சில இடங்களில் முட்செடியும் பிடுங்குகின்றன.

எந்த நாளில் தனியே விடுவது என்பதைப் பல பயிற்றுனர்கள் முன்கூட்டிச் சொல்வதில்லை. சொன்னால் மாணவர் முதல் நாள் இரவு தூங்க மாட்டார். வழக்கமான பாடத்தைப் போலவே காலையில் இரண்டு மூன்று சுற்றுகள் நடக்கும். தரையிறக்கங்கள் ஒழுங்காக அமைந்தால் பயிற்றுனர் விமானத்தை ஓரமாக நிறுத்தச் சொல்லி இறங்குவார். இறங்குமுன் தான் இருந்த இருக்கையின் பட்டிகளை இழுத்துப் பூட்டுவார். தொங்கும் பட்டி சுக்கானில் சிக்கினால் அதை எடுத்துவிட அந்தப் பக்கத்தில் ஆள் இல்லை. பிறகு கையில் ஒரு சிறு வானொலியோடு புல்வெளியில் நின்றுகொள்வார்.

ஆள் இறங்கியதை விமானமே உணரும். சிறிய பயிற்சி விமானமான செஸ்னா 150 எழும்பும்போது இருக்கக்கூடிய உச்ச எடை 726 கிலோ. 75 கிலோ எடையுள்ள பயிற்றுனர் இறங்கினால் அதில் பத்தில் ஒரு பங்கு குறைகிறது. விமானம் எதிர்பார்த்ததைவிட விரைவாக மேலேறும். இறங்கும்போது தரையைத் தொட மனமில்லாததுபோல் மிதந்துகொண்டு போகும். பழகிய கைக்கு இது சின்ன விஷயம்தான். தனியே போகிறவருக்கோ பக்கத்து இருக்கை காலியாக இருப்பதை முதலில் சொல்வது இந்த வேறுபாடுதான்.

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையில் உள்ள குருக்கள்மடம் போன்ற ஊர்களில் அரங்கேற்றம் என்றால் கூத்துத்தான் முதலில் நினைவுக்கு வரும். சட்டங்கொடுத்தல், சதங்கை அணிதல் எனப் படிப்படியாகப் பழகி, கடைசியில் களரி ஏறுகிறார்கள். ஆனால் அரங்கேற்ற இரவிலும் கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் களரியை விட்டுப் போவதில்லை. மத்தளத்தோடு நடுவில் நிற்பார். பாட்டைத் தவறவிட்டவருக்கு அடியெடுத்துக் கொடுக்கப் பக்கத்திலேயே ஆள் உண்டு. தனிப்பறப்பில் குரு களரியை விட்டே இறங்கிவிடுகிறார். கொண்டாட்டம் எந்த நாட்டில் எந்த உருவில் நடந்தாலும் கொண்டாடப்படுவது காலியான அந்த இருக்கைதான்.

இதனாலேயே விமானப் பறப்பின் தொடக்க ஆண்டுகளில் இப்படி ஒரு சடங்கு இருக்க முடியவில்லை. 1903 டிசம்பர் 17 அன்று ஓர்வில் ரைட் 12 விநாடிகள் பறந்தபோது அவர் தனியாகத்தான் பறந்தார். அடுத்து ஏற ஓர் இருக்கையே அந்த விமானத்தில் கிடையாது. பிரான்சில் புளெரியோவின் பள்ளி மரபும் அப்படியே. 'பெங்குயின்' என்று கேலியாக அழைக்கப்பட்ட, இறக்கை குறுக்கிய, மேலெழும்ப முடியாத இயந்திரத்தில் மாணவர் முதல் நாளிலிருந்தே தனியாகப் புல்வெளியில் ஓட்டிப் பழகினார். எப்போதும் தனியாக இருக்கிறவருக்குத் தனியாகப் போன நாள் என்று ஒன்று எங்கிருந்து வரும்?

நிலைமையை மாற்றியவர் றொபேட் ஸ்மித்-பாரி என்ற பிரித்தானிய அதிகாரி. முதலாம் உலகப் போரின் நடுவே, 1917இல், இங்கிலாந்தின் கொஸ்போட் என்ற இடத்தில் அவர் நடத்திய பள்ளி, இரட்டைக் கட்டுப்பாடு பொருத்திய அவ்ரோ 504 விமானத்தில் ஒழுங்கான பாடமுறையை வகுத்தது. பயிற்றுனர் பேசுவது மாணவரின் காதில் விழ ஒரு குழாயும் பொருத்தினார்கள். அதற்கு ஊரின் பெயரே நிலைத்து, கொஸ்போட் குழாய் என்றானது. ஆசிரியரும் மாணவரும் ஒரே விமானத்தில் நெடுநாள் சேர்ந்து பறக்கத் தொடங்கிய பிறகே, ஆசிரியர் இறங்கும் நாளுக்கு ஒரு கனம் வந்தது.

அமெரிக்காவில் புகழ்பெற்ற வழக்கம் சேட்டின் வாலை வெட்டுவது. மாணவர் இறங்கி வந்ததும் பயிற்றுனர் அவரது சேட்டின் பின்பகுதியைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுக்கிறார். அந்தத் துணியில் தடித்த பேனாவால் பெயர், திகதி, விமானத்தின் பதிவிலக்கம், ஓடுபாதை எண் எல்லாம் எழுதப்படும். சில பயிற்றுனர்கள் கோணல்மாணலாக ஒரு விமானமும் வரைந்துவிடுவார்கள். துணி பள்ளிச் சுவரில் தொங்கும், அல்லது மாணவர் சட்டமிட்டு வீட்டில் மாட்டிக்கொள்வார். இப்போது பலரும் வாலில்லாத ரீசேட்டில் வருவதால் முதுகிலிருந்து ஒரு சதுரத்தை வெட்டுகிறார்கள். நல்ல சேட் போட்டுக்கொண்டு வராதே என்று மூத்த மாணவர்கள் எச்சரிப்பதில் சோலோ நாளின் இரகசியம் பாதி கசிந்துவிடுகிறது.

இதற்குச் சொல்லப்படும் காரணம் கேட்க அழகாக இருக்கும். பழைய பயிற்சி விமானங்களில் இருக்கைகள் முன்னும் பின்னுமாக இருந்தன, வானொலி கிடையாது, இயந்திர இரைச்சலில் பேச்சும் கேட்காது. அதனால் பின்னாலிருந்த பயிற்றுனர் மாணவரின் சேட்டைப் பிடித்து இழுத்து, காதருகே கத்திப் பாடம் சொன்னாராம். தனியே பறக்கத் தெரிந்தவருக்கு இழுபட இனி வால் தேவையில்லை, ஆகவே வெட்டு.

அந்தக் காலத்து விமானங்களின் இருக்கை அமைப்போடு ஒப்பிட்டால் கதை பாதிதான் பொருந்துகிறது. 1945இல் வந்த ஏரோன்கா சாம்ப் விமானத்தில் மாணவர் முன்னாலும் பயிற்றுனர் பின்னாலும் இருந்தார்கள். அங்கே சேட்டை இழுக்கலாம். ஆனால் அமெரிக்கர் ஆயிரக்கணக்கில் பழகிய பைப்பர் கப்பைத் தனியே ஓட்டுகிறவர் பின் இருக்கையில்தான் அமர வேண்டும், எடைச் சமநிலை அப்படி. மாணவர் பின்னால், பயிற்றுனர் முன்னால் என்றால் யார் யாருடைய சேட்டை இழுப்பது? பிரித்தானிய மரபின் ரைகர் மொத் விமானத்திலும் பயிற்றுனருக்கு முன் இருக்கையே. பேச்சுக்குக் குழாயும் இருந்தது. பிரித்தானிய முறையில் பழகிய நாடுகளில் கத்தரிக்கோல் வேரூன்றாததற்கு இது நியாயமான காரணமாகத் தோன்றுகிறது. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் பயிற்சிமுறை வந்ததும் அந்த வழியாகத்தான்.

கத்தரிக்கோல் போகாத இடங்களுக்கு வாளி போயிருக்கிறது. கனடாவிலும் இந்தியாவிலும் தனிப்பறப்பு முடித்தவரை நீரால் நனைப்பதே பெரு வழக்கம். அமெரிக்க விமானப்படைப் பயிற்சித் தளங்களில் வகுப்புத் தோழர்கள் மாணவரைத் தூக்கிக்கொண்டு போய் நீர்த் தொட்டியில் போடுவார்கள். அந்நாட்டுக் கடற்படை விமானிகள் கழுத்துப்பட்டியை வெட்டுகிறார்கள். கத்தரிக்கோல் வழங்காத நாடுகளின் குடிமைப் பள்ளிகளில் வாளிதான். விமானம் தன் இடத்துக்கு வந்து, உந்துவிசிறி முற்றாக நின்று, சாவி கைக்கு வந்த பின்பே நனைப்பு தொடங்கும். மாணவரை விமானத்திலிருந்து நன்றாகத் தள்ளி நிறுத்துவார்கள், கருவிப் பலகைக்கு நீர் ஆகாது. விவரம் தெரிந்த பயிற்றுனர் முதலில் கேட்பது மாணவரின் பறப்புக் குறிப்பேட்டை. கைத்தொலைபேசியைக்கூடத் திருப்பி வாங்கலாம். நனைந்து மை கரைந்த குறிப்பேட்டைத் திருப்பி எழுத முடியாது.

வெப்பமண்டலத்தில் இந்த நனைப்பு ஓர் உபகாரமும்கூட. பயிற்சி விமானங்கள் பெரும்பாலானவற்றில் குளிரூட்டி கிடையாது. பங்குனி வெயிலில் கண்ணாடிக் கூண்டுக்குள் பயத்தோடு பத்து நிமிடம் இருந்தவருக்கு அந்த வாளியில் வருத்தமில்லை. கனடாவின் மாசி மாதத்தில் அதே வாளிக்கு வேறு பொருள்.

ஜேர்மனியின் சறுக்கு விமானச் சங்கங்கள் இன்னும் முரட்டுத்தனமானவை. முதல் மூன்று தனிப்பறப்புகளை முடித்தவர் குனிந்து நிற்க, சங்கத்தார் வரிசையாக வந்து பின்புறத்தில் ஒவ்வோர் அடி கொடுப்பார்கள். இயந்திரமில்லாத விமானம் மேலேறுவது வெப்பக் காற்றின் தயவில். அந்தக் காற்று தூக்குவதை விமானி முதலில் இருக்கையில்தான் உணர்கிறார். ஆகவே உணரும் இடத்தைக் கூர்மையாக்குகிறார்களாம். கையில் கொடுக்கும் பூச்செண்டும் முட்செடியில் கட்டியது. பிறேசிலின் சில விமானச் சங்கங்களில் நீருக்குப் பதிலாகப் பழைய இயந்திர எண்ணெயைத் தலையில் ஊற்றுவதுண்டு. சவர்க்காரம் எவ்வளவு செலவாகும் என்பது வேறு கணக்கு. விருப்பமில்லாதவரை வற்புறுத்தினால் கொண்டாட்டம் பகிடிவதையாகிவிடும் என்பது பல்கலைக்கழகங்களைப் பார்த்த இலங்கையருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எல்லாத் தனிப்பறப்புக்கும் விழா கிடைத்ததில்லை. அத்திலாந்திக்கைத் தனியாகக் கடந்து புகழ்பெற்ற சார்ல்ஸ் லின்ட்பேர்க் 1922இல் நெப்ராஸ்காவில் பாடம் கற்றார். விமானம் சேதமானால் ஈடுகட்டப் பிணைப்பணம் கட்ட அவரிடம் வசதியில்லை; தனியே பறக்காமலே பயிற்சி நின்றது. மறு ஆண்டு ஜோர்ஜியா மாநிலத்தில் 500 டொலருக்குப் பழைய போர்க்காலப் பயிற்சி விமானம் ஒன்றை வாங்கி, தன் சொந்த விமானத்திலேயே முதன்முறை தனியே எழும்பினார். நனைக்க அங்கே பள்ளியுமில்லை, வகுப்புத் தோழருமில்லை.

இந்தியாவில் விமானி உரிமங்களின் வரிசை 1929 பெப்ரவரி 10 அன்று ஜே.ஆர்.டி. ராட்டா பெற்ற முதலாம் இலக்க உரிமத்தோடு தொடங்குகிறது. 1936இல் 21 வயதான சர்ளா துக்ரால் லாகூரில் ஜிப்சி மொத் விமானத்தைச் சேலை உடுத்தபடியே தனியாக ஓட்டினார். அமெரிக்கப் பயிற்றுனர் ஒருவர் அங்கிருந்திருந்தால் கத்தரிக்கோலை எங்கே வைப்பது என்று திகைத்திருப்பார். இலங்கையின் கதையிலும் சென்னைக்கு ஓர் இடம் உண்டு: 1935 நவம்பர் 27 அன்று இரத்மலானையில் முதன்முதலாக விமானம் இறக்கியவர் மெட்ராஸ் விமானச் சங்கத்தின் தலைமைப் பயிற்றுனர் டின்டேல் பிஸ்கோ. இலங்கையின் குடிமை விமானப் பயிற்சி இன்றும் இரத்மலானையைச் சுற்றியே பெரிதும் நடக்கிறது.

1951இல் தொடங்கிய ரோயல் சிலோன் விமானப்படை முதலில் பெற்றவை சிப்மங்க் பயிற்சி விமானங்கள். அவற்றில் மாணவர் முன்னால், பயிற்றுனர் பின்னால். சேட்டை இழுக்க ஏற்ற அமைப்புத்தான். ஆனால் அதற்குள் காதில் மாட்டும் பேச்சுக் கருவி வந்துவிட்டது. இப்போது விமானப்படையின் அடிப்படைப் பயிற்சிக்குப் பெயர்பெற்ற இடம் திருகோணமலையின் சீனக்குடா. அங்கே பயன்படும் செஸ்னா 150இல் இருவரும் தோளோடு தோள் அமர்கிறார்கள். மட்டக்களப்பு விமான நிலையம் 1983இல் விமானப்படையின் கைக்குப் போய், 2018இல் உள்நாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. ஆனாலும் எழுவான்கரைப் பிள்ளை ஒருவர் விமானியாக விரும்பினால் இரத்மலானைக்குப் பெட்டி கட்டுவதுதான் வழக்கமான வழி. செலவும் தூரமும் அதிகம். சோலோ நாளில் வாளி பிடிக்க வீட்டார் பக்கத்தில் இருப்பது அரிது, கைத்தொலைபேசிப் படத்தில்தான் பார்ப்பார்கள்.

ஓய்வுபெறும் தலைமை விமானியின் கடைசிப் பறப்புக்கோ புதிய வழித்தடத்தின் முதல் விமானத்துக்கோ தீயணைப்பு வண்டிகள் இருபுறமும் நின்று நீரை வளைவாகப் பீய்ச்சும் மரியாதை வேறு. அதில் நனைவது விமானம், ஆள் அல்ல.

தனிப்பறப்பு உரிமம் ஆகாது. சர்வதேச விதிப்படி தனியார் விமானி உரிமத்துக்குப் பொதுவாக 40 மணிநேரப் பறப்பு வேண்டும், அதில் 10 மணி தனியாக. அமெரிக்காவில் தனியே பறக்கப் பயிற்றுனர் எழுதித் தரும் அனுமதி 90 நாள்களுக்கே செல்லும். அங்கே சறுக்கு விமானத்தை 14 வயதிலும் இயந்திர விமானத்தை 16 வயதிலும் தனியே ஓட்டலாம், அதனால் பதினாறாம் பிறந்தநாளன்றே சோலோ போகிறவர்கள் உண்டு. நனைந்த சேட்டோடு நிற்பவர் அடுத்த பாடத்துக்கு வரும்போது பயிற்றுனர் மறுபடி பக்கத்தில் ஏறிச் சில சுற்றுகள் பார்த்த பின்பே திரும்பத் தனியே விடுவார். பார்க்க வந்த அம்மாவை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வர, உரிமம் கைக்கு வரும்வரை எந்த நாட்டிலும் அனுமதி இல்லை.