பிறந்த தோட்டத்துக்குத் திரும்பும்போது எங்கே தங்குவது? கோலசிலாங்கூரில் குறைந்த செலவில் தங்க ஒரு வழிகாட்டி

தோட்டத்துக் கோயில் திருவிழா என்றால் ஒரு காலத்தில் தங்குமிடம் பற்றிய கவலையே இருந்ததில்லை. அத்தை வீடு, பெரியப்பா வீடு, இல்லையென்றால் பக்கத்து லயத்தில் யாராவது ஒருவர் வீடு. பாய் விரித்தால் பத்துப் பேர் படுத்துக்கொள்ளலாம்.

இன்று நிலைமை வேறு. நாட்டின் முதல் வணிக எண்ணெய்ப்பனை சாகுபடி 1917இல் தொடங்கிய தென்னமரம் தோட்டம் கோலசிலாங்கூர் மாவட்டத்தில்தான் உள்ளது. அந்தத் தோட்டத்தையும் பத்தாங் பெர்ஜுந்தை, ஈஜோக், புக்கிட் ரோத்தான் சுற்றுவட்டாரத் தோட்டங்களையும் சேர்ந்த பல குடும்பங்கள் இப்போது கிள்ளான், ஷா ஆலாம், ரவாங், சுங்கை பூலோ பக்கம் குடியேறிவிட்டன. பல இடங்களில் லயங்கள் இல்லை, கோயில் மட்டும் இருக்கிறது. திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் கருமக்கிரியைக்கும் வருகிறவர்கள் சொந்த ஊரிலேயே விடுதி அறை தேட வேண்டியிருக்கிறது.

அவர்களுக்கும், மின்மினிப் பூச்சிகளைப் பார்க்கப் பிள்ளைகளுடன் வரும் குடும்பங்களுக்கும் கைகொடுக்கும் சில நடைமுறைக் குறிப்புகள் இங்கே.

எந்த நாளில் போவது?

செலவு குறைய வேண்டுமானால் முதலில் பார்க்க வேண்டியது நாள்காட்டி. வெள்ளி, சனி இரவுகளிலும் பள்ளி விடுமுறையிலும் பொது விடுமுறையை ஒட்டிய நாள்களிலும் அறை வாடகை ஏறும். ஞாயிறு முதல் வியாழன் வரையிலான இரவுகளில் அதே அறை குறைந்த விலைக்குக் கிடைக்க வாய்ப்பு அதிகம். சனிக்கிழமை திருவிழா முடிந்து ஞாயிறும் தங்குவதாக இருந்தால் இரண்டு இரவுக்கும் ஒரே விலையா என்று கேளுங்கள். ஞாயிறு இரவுக்குத் தனி விலை கேட்டால் பெரும்பாலும் குறைத்துத் தருவார்கள்.

சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் அமாவாசையை ஒட்டி வருவது நல்லது. நிலா வெளிச்சம் இல்லாத இரவில்தான் மின்மினிகள் பளிச்சென்று தெரியும். அதேபோல், கடலுக்கு நடுவே மணல்திட்டு வெளிப்பட்டு வானத்தைக் கண்ணாடிபோல் காட்டும் சாசாரான் ‘ஸ்கை மிரர்’ பகுதிக்கு, நீர் நன்றாக வற்றும் அமாவாசை, பௌர்ணமி நாள்களையொட்டியே படகுகள் போகும். பௌர்ணமிக்கு வந்தால் மணல்திட்டைப் பார்க்கலாம், மின்மினி மங்கலாகத் தெரியும். அமாவாசைக்கு வந்தால் ஒரே பயணத்தில் இரண்டையும் பார்த்துவிடலாம். படகு புறப்படும் நேரம் நீர்மட்டத்தைப் பொறுத்து நாளுக்கு நாள் மாறும் என்பதால், படகு நேரத்தைக் கேட்டுக்கொண்ட பிறகே அறையைப் பதிவு செய்யுங்கள்.

எந்தப் பக்கம் தங்குவது?

கோலசிலாங்கூருக்கு இரயில் சேவை இல்லை. இரவில் வாடகைக் காரோ கிரேப் காரோ உடனே கிடைக்கும் என்று நம்பி இருக்க முடியாது. மின்மினிகளைப் பார்க்கும் கம்போங் குவாந்தான் பட்டணத்திலிருந்து ஏறக்குறைய 9 கிலோமீட்டர். எனவே சொந்தக் கார் இல்லாதவர்கள் திரும்பி வரும் வண்டிக்கும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

சாப்பாட்டுக் கடை, மருந்தகம், பேருந்து எல்லாம் நடக்கும் தூரத்தில் வேண்டுமென்றால் கோலசிலாங்கூர் பட்டணமே வசதி. புக்கிட் மலாவாத்தி குன்றும் அருகிலேயே இருக்கிறது. மலிவு விடுதிகள் பெரும்பாலும் கடைவீடுகளின் மேல்மாடியில்தான் இருக்கும். மின்தூக்கி இருக்காது. முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் உடன் வந்தால் இதைக் கேட்காமல் பதிவு செய்யாதீர்கள்.

புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கத்துக் கோயில்களுக்கு வருகிறவர்கள் பட்டணத்தில் தங்கினால் விடியற்காலையில் கார் ஓட்டிப் போக வேண்டியிருக்கும். அந்தப் பக்கத்துத் தாமான்களில் வாடகைக்கு விடப்படும் வீடுகள் உண்டா என்று கோயில் நிர்வாகத்தினரிடமே விசாரியுங்கள். அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வீடு, இணையத்தில் தேடிப் பிடிக்கும் வீட்டைவிட நம்பகமானது.

வயல்வெளி பார்க்க விரும்புவோர் வடக்கே தஞ்சோங் காராங், செக்கிஞ்சான் வரை போகலாம். அங்கே ஆண்டுக்கு இரு போகம் நெல் விளைகிறது. வயல் பச்சையா, பொன்னிறமா, அறுவடை முடிந்துவிட்டதா என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். வார இறுதியில் அங்கே அறைகள் சீக்கிரம் நிரம்பிவிடும்.

அறையா, முழு வீடா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இங்கே உள்ள தொகைகள் வெறும் உதாரணத்துக்குத்தான்.

எட்டுப் பேர் கொண்ட குடும்பம். ஓர் அறை 120 ரிங்கிட், மூன்று பேருக்கு ஓர் அறை என்றால் மூன்று அறை வேண்டும். 360 ரிங்கிட். 8 விழுக்காடு சேவை வரி சேர்ந்தால் 388 ரிங்கிட் 80 சென். அதே இரவுக்கு மூன்று அறை கொண்ட ஹோம்ஸ்தே வீடு 280 ரிங்கிட் என்றால் 100 ரிங்கிட்டுக்கு மேல் மிச்சம். அடுப்பு, குளிர்பதனப் பெட்டி இருந்தால் காலைப் பசியாறலும் வீட்டிலேயே முடிந்துவிடும். விரதம் இருப்பவர்களுக்குச் சைவச் சமையல் பிரச்சினையும் தீரும்.

கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் மட்டும் என்றால் கணக்கு மாறும். ஒரு குடும்ப அறை போதும், வீடு எடுத்தால் நட்டம்.

வீடு எடுப்பவர்கள் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். எத்தனை பேர் தங்கலாம்? குளியலறை எத்தனை? துப்புரவுக் கட்டணம் தனியா? எட்டுப் பேர் காலை ஐந்து மணிக்குக் குளித்துப் புறப்பட வேண்டிய நாளில் ஒரே குளியலறை என்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

பணம் கட்டும் முன்

விளம்பரத்தில் தெரியும் விலை கடைசி விலை அல்ல. 2024 மார்ச் 1 முதல் தங்குமிடச் சேவை வரி 6 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாக உயர்ந்தது. ஆண்டு வருமானம் 500,000 ரிங்கிட்டைத் தாண்டி, வரிக்குப் பதிந்துகொண்ட விடுதிகள்தான் இதை வசூலிக்க முடியும். சிறு விடுதி ஒன்று ‘டேக்ஸ்’ என்று தனியாகக் கேட்டால், பதிவு எண் அச்சிட்ட ரசீது கேளுங்கள்.

சுற்றுலா வரி என்பது வேறு. ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட். 2017 செப்டம்பரில் நடப்புக்கு வந்த இந்த வரி வெளிநாட்டவருக்கு மட்டுமே. மலேசியக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் கட்ட வேண்டியதில்லை. தமிழ்நாட்டிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ உறவினர் வந்து தங்கினால் அவர்களின் அறைக்கு இது உண்டு. தலைக்கு அல்ல, அறைக்கு என்பதை நினைவில் வையுங்கள். இவை தவிர, சிலாங்கூரில் 2025ஆம் ஆண்டிலிருந்து மாநில அரசின் நிலைத்தன்மைக் கட்டணமும் இருக்கிறது. ஆகவே “எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு?” என்று கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே வாங்கிக்கொள்ளுங்கள்.

போலி ஹோம்ஸ்தே விளம்பரங்களில் பணத்தை இழந்தவர்கள் நம்மிடையே குறைவில்லை. அழகான படம், சந்தையில் இல்லாத விலை, “இன்றைக்கே டெபாசிட் போடுங்கள், இல்லையென்றால் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவேன்” என்ற அவசரம். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் விலகிவிடுங்கள். காணொளி அழைப்பில் வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். பணம் போடுவதற்கு முன், வங்கிக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் காவல்துறையின் ‘செமாக் மியூல்’ தளத்தில் சோதியுங்கள். ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் உடனே உங்கள் வங்கியையோ தேசிய மோசடி நடவடிக்கை மையத்தை 997 என்ற எண்ணிலோ அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பணம் வேறு கணக்குக்குக் கைமாறிக்கொண்டிருக்கும்.

சாவியை வாங்கியதும்

பையை வைப்பதற்கு முன் ஐந்து நிமிடம் அறையைச் சோதியுங்கள். குளிர்சாதனம் ஓடுகிறதா, சுடுநீர் வருகிறதா, கதவுத் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா? மெத்தையின் ஓரத் தையலைத் தூக்கிப் பாருங்கள். கறுப்புப் புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி இருக்கலாம், உடனே அறையை மாற்றச் சொல்லுங்கள். ஏற்கெனவே உள்ள கறை, உடைசல் எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் எடுத்து முகப்பில் இருப்பவருக்கு அனுப்பிவிடுங்கள். மறுநாள் டெபாசிட்டைத் திரும்ப வாங்கும்போது அந்தப் படங்களே உங்கள் சாட்சி. டெபாசிட் ரசீதையும் பத்திரமாக வைத்திருங்கள்.

ஆற்றோர ஊர் என்பதால் கொசு அதிகம். கொசு மருந்தைக் கையோடு கொண்டு வாருங்கள். புக்கிட் மலாவாத்தி குன்றின் அருகே தங்கினால் சன்னலைத் திறந்து போட்டுவிட்டு வெளியே போகாதீர்கள். வெள்ளி முடிக் குரங்குகள் சாதுவானவை. நீளவால் குரங்குகள் அப்படியல்ல, பழமும் பையும் பறிபோகும்.

திருவிழாவுக்கு வருவோர் கவனத்துக்கு

பல விடுதிகளில் மதியம் 2 அல்லது 3 மணிக்குத்தான் அறை தருவார்கள். மறுநாள் 12 மணிக்குள் காலி செய்ய வேண்டும். காலைப் பால்குடத்துக்கு வருகிறவர்கள் முதல்நாள் இரவே வந்துவிடுவது நல்லது. இல்லையென்றால் குளித்து உடைமாற்ற இடமின்றித் திண்டாட நேரும்.

தீமிதி முடிந்து சாப்பிட்டுத் திரும்ப நள்ளிரவு ஆகலாம். முகப்பில் ஆள் எத்தனை மணி வரை இருப்பார், வாசல் கதவு பூட்டப்படுமா என்று முன்பே கேளுங்கள். வெளிக்கதவுச் சாவியையோ கைப்பேசி எண்ணையோ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சளும் குங்குமமும் வெள்ளைத் துண்டில் பட்டால் போகாது. துண்டுக்கும் விரிப்புக்கும் அபராதம் கேட்பார்கள். மஞ்சள் நீர் பட்ட உடம்பைத் துடைக்க வீட்டிலிருந்து பழைய துண்டு, உட்கார ஒரு கைலி கொண்டுவந்தால் போதும், அந்தச் செலவு மிச்சம். மருதாணி காயும்வரை மெத்தையில் படுக்க வேண்டாம். அறைக்குள் சூடம், சாம்பிராணி ஏற்றாதீர்கள், புகை எச்சரிக்கை மணி அடித்துவிடும். டுரியான் பழத்தையும் உள்ளே கொண்டு போகாதீர்கள்.

சுற்றிப் பார்க்க ஒரு மாலை

கம்போங் குவாந்தானில் துடுப்புப் படகில் அழைத்துப் போவார்கள். இயந்திர இரைச்சல் இருக்காது. இருட்டிய பிறகுதான் படகுகள் கிளம்பும். பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒன்றாக அணைந்து ஒன்றாக ஒளிர்வதைப் பார்க்கலாம். ஒளிர்வது இணையை அழைப்பதற்காக என்பதால் கைவிளக்கும் கேமரா வெளிச்சமும் அவற்றைக் குழப்பும், அணைத்துவிடுங்கள். மழை பெய்தால் படகு போகாது. இரண்டு இரவு தங்குபவர்கள் முதல் இரவிலேயே போய்விட்டால், மழை வந்தாலும் மறுநாள் இன்னொரு வாய்ப்பு இருக்கும்.

பகலில், 1907இல் கட்டப்பட்ட கலங்கரை விளக்கம் நிற்கும் புக்கிட் மலாவாத்தி குன்றும், அதன் அடிவாரத்திலுள்ள இயற்கைப் பூங்காவும், புக்கிட் ரோத்தானில் உள்ள ஸ்ரீ சக்தி தேவஸ்தானமும் அதிகச் செலவில்லாமல் பார்க்கக்கூடியவை.

பிரச்சினை வந்தால்

சொன்ன அறை ஒன்று, கொடுத்த அறை வேறு என்றால் முதலில் அங்கேயே பேசிப் பாருங்கள். தீராவிட்டால் ரசீது, படங்கள், வாட்ஸ்அப் உரையாடல் ஆகியவற்றுடன் மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். வழக்கறிஞர் தேவையில்லை. 100 ரிங்கிட் டெபாசிட்தானே என்று விட்டுவிடுகிறோம். அப்படி விட்டுவிடுவதால்தான் அடுத்து வரும் குடும்பத்துக்கும் அதே அனுபவம் நேர்கிறது.

கடைசியாக ஒன்று. திருவிழாத் தேதி தெரிந்த அன்றே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கேட்டு, எத்தனை பேர் என்று கணக்கெடுத்து, ஒருவர் பொறுப்பெடுத்துப் பதிவு செய்யுங்கள். ஆளுக்கொரு பக்கம் தனித்தனி அறை எடுப்பதைவிட எல்லாரும் ஒரே வீட்டில் தங்கினால் செலவும் குறையும், லயத்து வீட்டில் பாய் விரித்துப் படுத்த நாள்களைப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஓர் இரவும் கிடைக்கும்.