பன்னிரண்டு தூண் பாலத்தின் கீழே

1970-களில் லோதி காலனி குவார்ட்டர்ஸில் குடியிருந்த நம் அங்கத்தினர்களுக்கு அந்த நாலாவின் வாடை இன்னும் நினைவிருக்கும். "சாக்கடை" என்று சொல்லி ஜன்னலைச் சாத்திக் கொள்வோம். அது ஓர் ஓடை என்பது, ரிடையரான பிறகு பழைய நிலப்படங்களைப் புரட்டியபோதுதான் எனக்கு உறைத்தது.

டில்லியின் ரிட்ஜ், ஆரவல்லி மலைத்தொடரின் வடக்கு வால். கெட்டியான குவார்ட்சைட் பாறை. மழை நீரை எளிதில் உள்ளே விடாது. ரிட்ஜின் கிழக்குச் சரிவில் விழுவதெல்லாம் யமுனையை நோக்கி ஓடியாக வேண்டும். மெஹ்ரௌலி பக்கத்திலிருந்து ஒரு கிளை சிராக் டில்லி வழியாக இறங்குகிறது. சாணக்கியபுரி பக்கத்திலிருந்து குஷக் நாலா வருகிறது. இவை எல்லாம் சேர்ந்ததே பாராபுல்லா. நிஜாமுதீனுக்குத் தெற்கே சென்று யமுனையில் கலக்கிறது.

ஆண்டு மழை சுமார் 75 செ.மீ.தான், அதிலும் பெரும்பகுதி ஜூலை முதல் செப்டம்பருக்குள். ஆகவே பழைய சுல்தான்கள் ஓடுகிற நீரைப் பிடித்து வைத்தார்கள். இல்துத்மிஷ் மெஹ்ரௌலியில் ஒரு குளம் வெட்டினார். அலாவுதீன் கில்ஜி வெட்டியது ஹௌஸ் காஸ். முகம்மது பின் துக்ளக் தமது ஜஹான்பனா நகர மதிலோடு சேர்த்து, ஓடைக்குக் குறுக்கே ஸத்புலா என்ற அணையையே கட்டினார். ஏழு பெரிய வளைவுகள். ஒவ்வொன்றிலும் பலகைக் கதவு ஏறி இறங்கும். நம் ஊர் ஏரி மதகைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். சாகேத் பக்கம் போகிறவர்கள் அவசியம் பார்க்க வேண்டும். இன்று அணை இருக்கிறது, அதன் அடியில் தண்ணீர் இல்லை.

கீழே, ஜங்க்புரா அருகே, ஜஹாங்கீர் அரசவையின் மிஹ்ர் பானு ஆகா கட்டிய பாலம் நிற்கிறது. வளைவுகள் பதினொன்று, தூண்கள் பன்னிரண்டு. பெயர் அதிலிருந்து வந்தது என்பார்கள். பன்னிரண்டு தூண் வைத்துக் கட்டியவர்கள் கீழே வருவது சாக்கடை என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

நாம் நினைத்தோம். நம் வீட்டுக் குழந்தைகளை அழைத்துப் போகும் ஐ.என்.ஏ. தில்லி ஹாட்டே மூடிய நாலாவின் மேல் 1994-ல் அமைந்ததுதான். 2010-ல் காமன்வெல்த் விளையாட்டுக்காக நாலாவையொட்டி மேம்பாலச் சாலை வந்தது. 2024 ஜூன் 28 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் சப்தர்ஜங்கில் 228.1 மி.மீ. மழை பதிவாயிற்று. அந்த வெள்ளம் போவதற்கு இந்தப் பள்ளத்தை விட்டால் வேறு வழி இல்லை.

தூர் வார வேண்டும் என்று பேச்சு வந்தபோது முதலில் கண்ணில் பட்டது, பழைய பாலத்தருகே கரையில் இருந்த மதராஸி கேம்ப். தமிழ்நாட்டிலிருந்து வந்து பல பத்தாண்டுகளாக அங்கே வாழ்ந்தவர்கள். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகளில் 189 குடும்பங்களுக்கே மாற்று வீட்டுக்குத் தகுதி கிடைத்தது. அதுவும் நகரின் வடகோடியான நரேலாவில். கரையில் வீடுகள் இருந்தால் நாலா குறுகும், மறுக்கவில்லை. ஆனால் நீரோட்டக் கணக்குப் போடுகிறவன் ஒரே இடத்தில் அளவுகோல் வைக்க முடியாது. மேலே மூடியதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எங்கள் அகத்தில் பல வருஷம் ஒத்தாசைக்கு இருந்த அம்மாள் அந்தக் கேம்ப்தான். சொல்லிக் கொண்டு போக வந்தபோது நாலாவைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. பேரனுக்குப் பள்ளிக்கூடத்தில் டி.சி. வாங்க என்ன எழுத வேண்டும் என்று கேட்டார். எழுதிக் கொடுத்தேன்.