பினாங்குத் தபால்தலையும் ஏலக்கூடமும்



தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா முடிவில் ஏலம் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். அம்மன் சூலத்தில் இருந்த எலுமிச்சம்பழத்தைத் தட்டில் வைத்து, "ஒரு தரம், இரண்டு தரம்" என்று கூவுவார்கள். கடையில் சில காசுக்குக் கிடைக்கும் பழம், அங்கே நூறு வெள்ளிக்கும் இருநூறு வெள்ளிக்கும் போகும். அந்த விலை பழத்தின் சாற்றுக்காகக் கொடுப்பதன்று. அப்படிப்பட்ட பழம் அன்று ஒன்றுதான் இருக்கிறது. வேண்டும் என்போரோ பலர் இருக்கிறார்கள். இலண்டனிலும் நியூயார்க்கிலும் நடக்கும் தபால்தலை ஏலங்களுக்கும் இதே கணக்குத்தான். நம் பினாங்கில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் கடிதங்களில் ஒட்டப்பட்ட சில தபால்தலைகளும் அந்த ஏலக்கூடங்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. அவை எப்படிப் போயின, அவற்றுக்கு ஏன் அவ்வளவு விலை என்பதைப் பற்றி இன்று பேசுவோம்.

பினாங்குத் தீவு 1786-இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1826-இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றையும் சேர்த்து நீரிணைக் குடியேற்றங்கள் என்று பெயரிட்டார்கள். ஆண்டது கிழக்கிந்தியக் கம்பெனி. ஆணைகள் வந்தது இந்தியாவிலிருந்து. ஆகவே, 1854-இல் இந்தியா முழுவதற்கும் ஒரே வகைத் தபால்தலைகள் வந்தபோது, அவையே பினாங்கிலும் விற்பனைக்கு வந்தன. விக்டோரியா மகாராணியின் தலை போட்ட அரை அணா, ஓரணா, நாலணாத் தலைகள் அவை. ஜார்ஜ் டவுனில் கடிதம் போட்ட வியாபாரியும், கல்கத்தாவில் கடிதம் போட்ட குமாஸ்தாவும் ஒரே தலையைத்தான் ஒட்டினார்கள்.

அப்படியானால் எது பினாங்கில் பயன்பட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தபால்தலையின் மேல் குத்தும் முத்திரையைக் கொண்டுதான். 1856 முதல் ஒவ்வொரு தபால் நிலையத்துக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். எண்கோண வடிவில் கோடுகள். நடுவில் ஆங்கில எழுத்து 'பி'யும் ஓர் எண்ணும். மலாக்காவுக்கு 109, பினாங்குக்கு 147, சிங்கப்பூருக்கு 172. இந்தியாவில் குவியல் குவியலாகக் கிடைக்கும் ஒரு தலையிலே இந்த 147 விழுந்திருந்தால், சேகரிப்பவர்கள் அதைத் தனியாக எடுத்து வைப்பார்கள். அந்தத் தலை கடிதத்தைவிட்டுப் பிரியாமல், உறையோடு முழுமையாக இருந்தால் மதிப்பு இன்னும் பன்மடங்கு. உதிரித் தலைகள் ஓரளவு தப்பிப் பிழைத்தன. உறைகள் அப்படிப் பிழைக்கவில்லை.

1867 ஏப்ரல் 1-ஆம் தேதி நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய ஆட்சியிலிருந்து பிரிந்து, நேரே இலண்டன் குடியேற்ற அலுவலகத்தின் கீழ் வந்தன. ரூபாயும் அணாவும் போய், வெள்ளியும் காசும் கணக்காயின. புதுத் தபால்தலைகள் வந்து சேரும்வரை சும்மா இருக்க முடியுமா? இருந்த இந்தியத் தலைகளின் மேலேயே ஒரு கிரீடத்தையும் காசு மதிப்பையும் அச்சடித்து, 1867 செப்டம்பர் 1-ஆம் தேதி விற்பனைக்கு விட்டார்கள். ஒன்றரைக் காசு முதல் 32 காசு வரை ஒன்பது வகை. அரை அணாத் தலை ஒன்றரைக் காசு ஆயிற்று. ஓரணாத் தலையே இரண்டு காசாகவும், மூன்று காசாகவும், நான்கு காசாகவும் வேடம் போட்டது. இரண்டணாத் தலையின் கதை இன்னும் வேடிக்கை. அதன்மேல் ஆறு காசு என்றும் போட்டார்கள், எட்டுக் காசு என்றும் போட்டார்கள், 32 காசு என்றும் போட்டார்கள்! அந்த ஆண்டு இறுதியிலேயே நீரிணைக் குடியேற்றங்களின் பெயரைத் தாங்கிய சொந்தத் தலைகள் வரத் தொடங்கின.

இந்த ஒன்பதிலே, ஒன்றரைக் காசுத் தலைக்கு ஒரு தம்பி உண்டு. அதில் அச்சிட்டிருந்த 'ஒன்றரை' என்னும் மதிப்பை யாரோ மையால் அடித்துவிட்டு, மேலே பேனாவால் 2 என்று எழுதியிருக்கிறார். 1869-ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகப் பட்டியல்களில் வைத்திருக்கிறார்கள். அது பினாங்கில் பயன்பட்டதாகத் தெரிகிறது என்ற அளவிலேதான் பட்டியலும் சொல்கிறது. எழுதிய கை யாருடையது, இரண்டு காசுத் தலை தீர்ந்துபோய் அப்படிச் செய்தார்களா, எவர் உத்தரவு என்பதற்கெல்லாம் பதிவு இல்லை. இன்று அதன் விலை ஆயிரக்கணக்கான பவுன். அந்தப் பேனாக்காரருக்கு மாதச் சம்பளம் என்னவாக இருந்திருக்கும் என்று எனக்கு எண்ணத் தோன்றுகிறது.

பழைய தலை என்றாலே விலை அதிகம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது தவறு. உலகத்திலேயே முதன்முதலில் ஒட்டும் தபால்தலை இங்கிலாந்தில் 1840 மே மாதத்தில் வந்தது. 'பென்னி பிளாக்' என்பார்கள். அதைவிடப் பழையது வேறில்லை. ஆயினும் ஆறு கோடியே எண்பது இலட்சத்துக்கு மேல் அச்சிட்டதால், முத்திரை குத்திய சாதாரணத் தலையை நடுத்தர வருமானக்காரரும் வாங்கிவிடலாம். வயது வேறு, அருமை வேறு.

அமெரிக்காவிலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன். அங்கே 1860-களில், குத்திய முத்திரையைக் கழுவிவிட்டுத் தலையை மறுபடி ஒட்டும் திருட்டு நடக்குமோ என்று அஞ்சினார்கள். அதைத் தடுக்க, தபால்தலைக் காகிதத்தில் வலைபோல் சிறு சிறு புள்ளிகளை அழுத்தினார்கள். காகித நார் உடைவதால் மை உள்ளே இறங்கும், கழுவினாலும் போகாது. இதில் பல வகை உண்டு. 'இசட்' வகை அழுத்தம் பெற்ற 1868-ஆம் ஆண்டின் நீல நிற ஒரு காசுத் தலை, உலகத்தில் இரண்டுதான் அறியப்பட்டுள்ளன. ஒன்று நியூயார்க் பொது நூலகத்துக்கு உரியது. அது விலைக்கு வராது. ஆகவே வாங்க நினைப்பவருக்கு மிஞ்சியது ஒன்றே ஒன்று. அது 1998-இல் 9 இலட்சத்து 35 ஆயிரம் டாலருக்குப் போனது. 2024-இல் மீண்டும் ஏலத்துக்கு வந்தபோது 40 இலட்சம் டாலரைத் தாண்டியது. கண்ணால் பார்த்தால் சாதாரண ஒரு காசுத் தலைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது.

நம்மவர்கள் கரும்பு வெட்டப் போன பிரிட்டிஷ் கயானாவின் கதையும் உண்டு. 1856-இல் இங்கிலாந்திலிருந்து தபால்தலைகள் வந்து சேராததால், உள்ளூர்ப் பத்திரிகை அச்சகத்தில் அவசரமாக அச்சிட்டார்கள். அதில் ஒரு காசுத் தலை ஒன்றே ஒன்றுதான் இன்று இருக்கிறது. 1873-இல் 12 வயதுச் சிறுவன் ஒருவன் வீட்டுக் காகிதங்களில் அதைக் கண்டெடுத்து ஆறு ஷில்லிங்குக்கு விற்றான். 2014-இல் அதற்குக் கிடைத்தது 94 இலட்சத்து 80 ஆயிரம் டாலர். 2021-இல் மறுபடி விற்றபோது 83 இலட்சம்தான். உலகிலேயே ஒன்றுதான் உள்ள பொருளும் விலை இறங்கும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 'வாங்கி வையுங்கள், ஆண்டுக்கு ஆண்டு ஏறும்' என்று யாராவது சேமிப்புப் பணத்தைக் கேட்டால், இந்த இரண்டு எண்களையும் அவரிடம் சொல்லலாம்.

ஏல நிறுவனம் எப்படி நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் பொருளுக்கு எண் கொடுத்து, படத்துடன் பட்டியல் வெளியிடுவார்கள். விற்பவர் இதற்குக் கீழே தரமாட்டேன் என்று ஓர் அடிவிலை வைத்திருக்கலாம். சுத்தியல் தட்டிய விலையோடு வாங்குபவர் கட்டணம் என்று ஒரு பங்கு சேரும்; விற்பவரிடமும் ஒரு பங்கு பிடித்துக்கொள்வார்கள். ஆகவே பத்திரிகையில் வரும் தொகை முழுவதும் விற்றவர் கைக்குப் போவதில்லை. பட்டியல் விலை என்று புத்தகத்தில் அச்சிட்டிருப்பது குறையற்ற தலைக்கு. ஓரப் பல் ஒன்று உடைந்திருந்தாலும், முதுகில் காகிதம் மெலிந்திருந்தாலும் அதில் பாதிகூடக் கிடைக்காது. விலை உயர்ந்த தலை என்றால் நிபுணர் சான்றிதழ் இல்லாமல் யாரும் தொடமாட்டார்கள். போலிகள் அவ்வளவு! ஜப்பானியர் காலத்தில், 1942-இல், பினாங்கின் பெயரைக் குத்தி வெளியிட்ட தலைகளிலும் போலிக் குத்துகள் உலவுகின்றன.

இனி உறைக்கு வருவோம். அமெரிக்காவில் அலெக்சாந்திரியா என்ற ஊரின் தபால் அதிகாரி, நாடு முழுவதற்கும் பொதுவான தலை வருமுன் தாமே ஒரு தலை அச்சிட்டார். நீலக் காகிதத்தில் உள்ளது ஒன்றுதான் கிடைத்திருக்கிறது. அதை ஒட்டி 1847-இல் ஓர் இளைஞர் தம் காதலிக்குக் கடிதம் போட்டார். குடும்பத்தார் ஒப்பாத காதல். படித்ததும் வழக்கம்போல் எரித்துவிடு என்று எழுதியிருந்தார். அவள் எரிக்கவில்லை. பின்னர் இருவருக்கும் திருமணம் நடந்தது. அறுபது ஆண்டுகளுக்குப் பின், 1907-இல், அவர்கள் மகள் தாயின் தையல் பெட்டியில் அந்தக் கடிதத்தைக் கண்டாள். 2019-இல் அது சுமார் 11 இலட்சத்து 80 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது.

நம் பக்கத்தில் அப்படிக் காப்பாற்றியவர்கள் நகரத்தார்கள். பினாங்குத் தெருவில் கிட்டங்கி வைத்து வட்டித் தொழில் நடத்திய செட்டியார்கள், ஊரிலுள்ள பங்காளிகளுக்கும் முதலாளிகளுக்கும் ஓயாமல் எழுதினார்கள். கணக்கோடு கடிதத்தையும் கட்டி வைப்பது அவர்கள் வழக்கம். தமிழில் விலாசம் எழுதி, மலாயாத் தபால்தலை ஒட்டி, நாகப்பட்டினம் வழியாகச் செட்டிநாட்டுக்குப் போன அந்த உறைகள், பிற்காலத்தில் சேகரிப்பவர் கைக்கு வந்தன. 'செட்டியார் உறைகள்' என்றே வெளிநாட்டு ஏலப் பட்டியல்களில் அவற்றுக்குப் பெயர். தமிழ் ஒரு சொல்லும் படிக்கத் தெரியாத வெள்ளைக்காரர், காரைக்குடி என்று எழுதிய உறைக்குக் கை தூக்குகிறார்!

ஆனால் அதே காலத்தில், அதே நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்து, பத்து காவானிலும் நிபோங் திபாலிலும் கரும்புத் தோட்டங்களில் உழைத்தவர்களின் கடிதங்கள் எங்கே? எழுதத் தெரிந்தவர் ஒருவர் லயத்தில் பத்துப் பேருக்கு எழுதிக் கொடுத்திருப்பார். ஊரில் அதைப் படித்தவர்கள் கூரையில் செருகி வைத்திருப்பார்கள். கரையான் தின்றிருக்கும், அடுப்புக்குப் போயிருக்கும். செட்டியார் உறைகள் நிறைய இருக்கின்றன. தொழிலாளியின் உறையைக் காண்பதே அரிது.

ஆகவே வீட்டில் தாத்தாவின் இரும்புப் பெட்டி இருந்தால், பிள்ளைகள் கையில் கொடுக்குமுன் ஒரு முறை பாருங்கள். உள்ளே இருக்கும் தலைகளில் பெரும்பாலானவை பத்து வெள்ளிகூடப் பெறா. அந்த ஆசை வேண்டாம். ஆனால் உறையிலிருந்து தலையைக் கிழித்தெடுக்காதீர்கள், தண்ணீரில் ஊறப் போடாதீர்கள், ஒட்டுநாடா ஒட்டாதீர்கள். கடிதத்தை உறைக்குள்ளேயே வைத்து, ஈரமும் வெயிலும் படாத இடத்தில் வையுங்கள். பிறகு உறையைத் திருப்பிப் பாருங்கள். பல பழைய உறைகளில் முன்னே புறப்பட்ட ஊரின் முத்திரையும், பின்னே போய்ச் சேர்ந்த ஊரின் முத்திரையும் தேதியோடு இருக்கும். இரண்டு தேதிகளையும் கழித்தால், அந்தச் செய்தி கடலில் எத்தனை நாள் கிடந்தது என்று தெரிந்துவிடும்.